மகிழுந்துப் புகையிலிருந்து மின்சாரம்: கணக்கு என்ன சொல்கிறது?

இவ்வாண்டு ஃபார்முலா 1 பந்தய மகிழுந்துகளிலிருந்து ஒரு கருவி கழற்றப்பட்டுவிட்டது. அதன் பெயர் எம்ஜியு-எச். எஞ்சினிலிருந்து பீறிட்டு வரும் சூடான புகை டர்போவைச் சுழற்றும். டர்போவின் தண்டோடு இணைக்கப்பட்ட இந்தச் சிறிய மின்னாக்கியும் உடன் சுழலும். நிமிடத்திற்கு 125,000 சுற்றுவரை சுழன்று, காற்றோடு போயிருக்க வேண்டிய ஆற்றலை அது மின்சாரமாக மாற்றியது. 2014 முதல் 2025 வரை 12 பருவங்கள் ஓடிய கருவி இது. புகையிலிருந்து மின்சாரம் எடுப்பதில் இதைவிடத் திறமையான ஒன்று எந்த மகிழுந்திலும் இருந்ததில்லை என்பது என் கருத்து. 2017ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் நிறுவனம், தன் பந்தய எஞ்சின் சோதனைக் கூடத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டிய வெப்பத்திறனை எட்டியதாக அறிவித்தது. எரிபொருளில் உள்ள ஆற்றலில் பாதிக்கு மேல் பயனுள்ள வேலையாக மாறியது என்று அதற்குப் பொருள். நம் வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் மகிழுந்துகளில் 40 விழுக்காட்டைத் தொடுவதே பெரிய சாதனை.

அப்படிப்பட்ட கருவியைத்தான் 2026 விதிகள் நீக்கிவிட்டன. விலை அதிகம், அமைப்பு சிக்கலானது, புதிய தயாரிப்பாளர்கள் உள்ளே வரத் தயங்குகிறார்கள், பந்தயத்தில் கற்றது சாலை வாகனங்களுக்கு அதிகம் வந்து சேரவில்லை. இவையெல்லாம் சொல்லப்பட்ட காரணங்கள். அதே விதிகள், பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எடுக்கும் எம்ஜியு-கே என்ற மற்றொரு கருவியின் சக்தியை 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டுக்கு உயர்த்தியிருக்கின்றன. வெப்பத்திலிருந்து எடுக்கும் கருவி வெளியே போனது. வேகத்திலிருந்து எடுக்கும் கருவி மூன்று மடங்கு பெரிதானது.

இந்தச் செய்தியை விளையாட்டுப் பக்கத்தோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நான் நடுவராகப் போகும் பள்ளிப் புத்தாக்கப் போட்டிகளில் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு குழு புகைக்குழாயோடு வந்து நிற்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் புகைக்குழாய், அதன்மேல் ஒட்டிய சதுர வில்லைகள், இரண்டு கம்பிகள், முனையில் மினுக்கும் ஓர் எல்இடி விளக்கு. “வீணாகும் வெப்பத்தை மின்சாரமாக்குகிறோம்” என்று பலகையில் எழுதியிருக்கும். கேட்க இனிப்பான வாசகம், கைதட்டலும் கிடைத்துவிடும். எத்தனை வாட் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. மூன்று நான்கு மாத மாலை வேளைகளைக் கொடுத்து உழைத்த பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வாக இதையே எடுக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது முழுதாக ஓராண்டு. ஆகவே, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1 லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும் நடுத்தர மகிழுந்து ஒன்று, 1 மணி நேரத்தில் 6 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எஞ்சினுக்குள் போவது 54 கிலோவாட். இதில் 30 விழுக்காடு சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. அது 16 கிலோவாட். மிச்சத்தில் ஒரு பெரும் பங்கு ரேடியேட்டர் வழியாகவும் எஞ்சின் உடம்பிலிருந்தும் வெளியேறுகிறது. இன்னொரு பெரும் பங்கு, ஏறத்தாழ அதே 16 கிலோவாட், புகைக்குழாய் வழியே போகிறது. நம் வீட்டுப் படுக்கையறைக் குளிர்சாதனக் கருவி 1 கிலோவாட் அளவில் எடுத்துக்கொள்ளும். ஆக, உங்கள் மகிழுந்தின் பின்னால் 16 குளிர்சாதனக் கருவிகளின் ஆற்றல் கொட்டிக்கொண்டே போகிறது. இதைப் பார்த்தால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

ஆனால் 16 கிலோவாட் வெப்பம் வேறு, 16 கிலோவாட் மின்சாரம் வேறு. 1824இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதற்கு ஓர் எல்லைக்கோடு போட்டுவிட்டார். வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரமும், சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைத்தான் சாப்பிட்டு வாழ்கிறது. புகையின் வெப்பநிலை 500 பாகை செல்சியஸ், குளிர்ந்த பக்கம் ரேடியேட்டர் நீரின் 90 பாகை என்று கொண்டால், கெல்வினுக்கு மாற்றி வகுத்துப் பாருங்கள்: உச்சவரம்பு 53 விழுக்காடு. இது தேவலோகத்து இயந்திரத்துக்கு உரிய எண். அதுவும் முதல் நொடிக்குத்தான். புகையிலிருந்து வெப்பத்தை உறிஞ்ச உறிஞ்சப் புகை ஆறும், ஆற ஆற அந்த வரம்பும் இறங்கும்.

மாணவர்கள் ஒட்டிக்கொண்டு வரும் சதுர வில்லைகள் எந்த எல்லையில் நிற்கின்றன? அவை செயல்படும் தத்துவத்தை 1821இல் ஜெர்மானியரான தாமஸ் சீபெக் கண்டறிந்தார். இரு வேறு கடத்திகளை இணைத்து ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் மின்னழுத்தம் பிறக்கிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. 1977இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் சூரிய ஒளி எட்டாத தூரத்தில் இந்த முறையில்தான் மின்சாரம் பெற்றுவந்தன. அங்கே வெப்பம் தருவது புளுட்டோனியம். பழுது பார்க்க ஆள் போக முடியாத இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஆனால் திறன் குறைவு. மகிழுந்துக்கு ஏற்ற பிஸ்மத் டெலூரைட் வில்லைகள், தம் வழியே பாயும் வெப்பத்தில் 5 விழுக்காடு அளவையே மின்சாரமாக்குகின்றன.

கணக்கைத் தொடர்வோம். புகையிலுள்ள 16 கிலோவாட்டில் பாதியை, அதாவது 8 கிலோவாட்டை, வெப்ப மாற்றி பிடித்துத் தருகிறது என்று தாராளமாகவே கொள்வோம். அதில் 5 விழுக்காடு என்றால் 400 வாட். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவோடு பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் உண்மையான வாகனங்களில் செய்து பார்த்த சோதனைகளும் சில நூறு வாட் என்ற வட்டத்துக்குள்தான் சுற்றின.

400 வாட் ஒன்றும் கேவலமில்லை. விளக்கு, விசிறி, வானொலி எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் போதும். ஆல்டர்னேட்டரின் சுமை குறையும். அதன் திறன் 60 விழுக்காடு என்று கொண்டால் எஞ்சினுக்கு 670 வாட் மிச்சம். 16 கிலோவாட்டில் அது 4 விழுக்காடு. இதிலிருந்து கழிக்க வேண்டியவை இருக்கின்றன: கூடுதல் எடை, புகையின் பாதையில் ஏற்படும் தடை, குளிர்ந்த பக்கத்தைக் குளிராக வைத்திருக்க ஓடும் நீர்ப்பம்பு. நிகரமாக 3 விழுக்காடு என்று கணக்கிடுவோம். அதுவும் நெடுஞ்சாலையில். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை 6 மணிக்கு ஊர்ந்துகொண்டிருக்கும் மகிழுந்தின் புகையில் அவ்வளவு வெப்பமே இராது.

இனி ரிங்கிட்டுக்கு வருவோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் மகிழுந்து ஏறக்குறைய 975 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். 3 விழுக்காடு மிச்சம் என்றால் 29 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தின் விலையான 1 ரிங்கிட் 99 சென்னுக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு 58 ரிங்கிட். ஐந்தாண்டு சேர்த்தாலும் 300 ரிங்கிட்டைத் தொடாது. வில்லைகள், துருப்பிடிக்காத எஃகில் செய்த வெப்ப மாற்றி, குழாய்கள், மின்னணுக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்த ஒரு கருவியை அந்த விலைக்குள் செய்ய முடியுமா என்று பட்டறை வைத்திருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். மானியம் இல்லாத விலைக்குக் கணக்கிட்டாலும் கதை பெரிதாக மாறிவிடாது.

போட்டி மேடையில் எரிந்த எல்இடி விளக்கு ஏன் நம்மை நம்ப வைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டிஇசி1-12706 என்ற வில்லையைத்தான் பெரும்பாலான குழுக்கள் வாங்குகின்றன. அது மின்சாரம் கொடுத்தால் குளிரூட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் விவரத் தாளிலேயே 138 பாகை செல்சியஸ்தான் மேல் எல்லை என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கும் பற்றாசு அதற்கு மேல் உருகிவிடும். புகைக்குழாய் அதைவிட எவ்வளவோ அதிகம் சுடும். ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறுபக்கம் பனிக்கட்டி என்று வைத்தால் விளக்கு பளிச்சென்று எரியும். புகைக்குழாயில் பொருத்திப் பத்து நிமிடம் விட்டால் வில்லையின் இரு பக்கமும் சூடேறி, வேறுபாடு சுருங்கி, விளக்கு மங்கும். சூடான பக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம்மூர்ச் சீதோஷ்ணத்தில் குளிர்ந்த பக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. எல்இடி விளக்கைக் கழற்றிவிட்டு ஒரு தடையத்தையும், வோல்ட்மானி, அம்மீட்டர் இரண்டையும் இணைத்து, 30 நிமிடத்துக்கு நிமிடம் ஒருமுறை இரு பக்க வெப்பநிலையோடு குறித்து வந்த அட்டவணை ஒன்றை எந்தக் குழுவாவது காட்டினால், விளைவு அரை வாட்டாக இருந்தாலும் அதற்கு நான் கூடுதல் புள்ளி தருவேன்.

பெரிய நிறுவனங்கள் முயலாமல் இல்லை. 2005 டிசம்பரில் பிஎம்டபிள்யூ டர்போஸ்டீமர் என்ற திட்டத்தை அறிவித்தது. புகையின் வெப்பத்தால் நீரை ஆவியாக்கி, அந்த நீராவியால் எஞ்சினுக்கு உதவுவது அதன் வழி. நீராவி ரயில் மகிழுந்துக்குள் மறுபிறவி எடுத்தது என்று சொல்லலாம். 1.8 லிட்டர் எஞ்சினில் 10 கிலோவாட் கூடுதலாகக் கிடைத்தது. எரிபொருள் செலவு 15 விழுக்காடு குறையும் என்றார்கள். பத்தாண்டில் தயாரிப்புக்கு வரும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. இருபதாண்டு கடந்தும் எந்தக் காட்சியறையிலும் அதைக் காணோம். கொதிகலன், குளிர்விப்பான், பம்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓட வேண்டும். அதோடு, நம்மில் பலரின் அன்றாட ஓட்டம் வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கடை. அந்த அமைப்பு நன்றாகச் சூடேறும் நேரத்தில் நாம் வீடு வந்து சேர்ந்திருப்போம்.

இன்னும் பின்னோக்கிப் போனால் 1950களின் பயணிகள் விமானங்கள். டக்ளஸ் டிசி-7, லாக்ஹீட் சூப்பர் கான்ஸ்டலேஷன் ஆகியவற்றில் இருந்த ரைட் நிறுவன எஞ்சின்கள், புகையின் பாதையில் மூன்று டர்பைன்களை வைத்துப் பல நூறு குதிரைத்திறனை மீட்டு, நேராக எஞ்சின் தண்டுக்கே திருப்பிக் கொடுத்தன. அதிகாரப்பூர்வப் பெயர் சக்தி மீட்பு டர்பைன். அடிக்கடி உடைந்ததால் பழுது பார்த்தவர்கள் அதை உதிரிப்பாக மீட்பு டர்பைன் என்று கிண்டல் செய்தார்கள். பிறகு ஜெட் விமானங்கள் வந்து அந்தக் கேள்வியையே முடித்துவைத்தன.

மகிழுந்தில் இக்கனவு முற்றாகச் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2024இல் வந்த போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ், டர்போவோடு இணைந்த மின்னாக்கி வழியாகப் புகையிலிருந்து 11 கிலோவாட் வரை எடுக்கிறது. ஃபார்முலா 1 கைவிட்டது சாலைக்கு வந்திருக்கிறது என்று மகிழலாம். அதன் விலையைப் பார்த்த பிறகு, மைவியில் இது எப்போது வரும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பிரேக் ஆற்றலுக்கு ஏன் இந்த நிலை வரவில்லை? 1,300 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 180 கிலோஜூல். படிவம் 4 சூத்திரம்தான், நீங்களே போட்டுப் பார்க்கலாம். சாதாரண பிரேக்கில் அத்தனையும் சூடாகிப் போகிறது. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் அதைப் பிடித்துக் காட்டியது. ஓட்டும் மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றிச் சக்கரத்தைத் தடுத்தால், அந்த ஆற்றலில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. புதிய கருவி எதுவும் வேண்டாம்; இருக்கும் மோட்டார் இரண்டு வேலை செய்கிறது. நெரிசல் கூடக்கூட இதன் பயன் கூடுகிறது. புகை வழியிலோ நெரிசலில்தான் வரவு குறைவு.

அடிப்படைக் காரணம் ஆற்றலின் தரத்தில் இருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படிகளில் ஏறும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். கீழே மைதானத்தில் இருக்கும் கூட்டமும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் ஆளுக்கொரு பக்கம். ஓடும் மகிழுந்தின் ஆற்றல் படியேறும் கூட்டம். சூடான புகையின் ஆற்றல் மைதானக் கூட்டம். முதலாவதிடமிருந்து வேலை வாங்குவது எளிது. இரண்டாவதிடமிருந்து வாங்கக் கார்னோவின் வரியைக் கட்டியாக வேண்டும்.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை. சமூக ஊடகங்களில் பெட்ரோல் மிச்சப்படுத்தும் கருவி என்று பலவும் விற்கப்படுகின்றன. மகிழுந்தின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் ஊட்டுவது, முன்பக்கம் காற்றாடி வைத்து மின்சாரம் எடுப்பது. இவற்றை எடைபோட ஒரு கேள்வி போதும்: இந்தக் கருவி இல்லாவிட்டால் அந்த ஆற்றல் எங்கே போயிருக்கும்? பிரேக்கின் சூடு காற்றில் போயிருக்கும். ஆகவே அதை எடுப்பது மிச்சம். ஆல்டர்னேட்டர் மின்சாரம் பெட்ரோலிலிருந்து வருகிறது. காற்றாடி மகிழுந்தைப் பின்னால் இழுக்கிறது. அவை இரண்டும் உங்கள் பையிலிருந்து எடுத்து உங்களிடமே நீட்டப்படும் பணம், நடுவில் தரகு போக.

அப்படியானால் வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதே பொய்யா? இல்லவே இல்லை. எஞ்சின் பெரிதாக, ஓயாமல் ஒரே சீராக, எடையைப் பற்றிக் கவலையில்லாத இடத்தில் ஓடினால் அது நன்றாகவே நடக்கிறது. 2006இல் கடலில் இறங்கிய எம்மா மெர்ஸ்க் கொள்கலன் கப்பல், தன் எஞ்சின் புகையின் வெப்பத்தால் நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுத்தது. பல நாள் ஒரே வேகத்தில் ஓடும் எஞ்சின். கொதிகலனை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை. குளிர்ந்த பக்கத்துக்குக் கடல் முழுவதும் இருக்கிறது. மகிழுந்தில் தோற்றதெல்லாம் அங்கே வெல்கிறது.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் நம் செம்பனை ஆலைகள். தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆலைச் சங்கும் வெள்ளை நீராவியும் அவர்களுக்கு நினைவிருக்கும். பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரிக்கிறார்கள். உயர் அழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு மின்சாரம் தருகிறது. டர்பைனைவிட்டு வெளிவரும் நீராவி வீணாவதில்லை. அழுத்தம் குறைந்த அந்த நீராவியில்தான் பழக்குலைகளை வேக வைக்கிறார்கள். ஒரே வெப்பம், இரண்டு வேலை. இது எந்தப் பசுமைப் போட்டிக்கும் முன்பே நம் தோட்டங்களில் நடந்துகொண்டிருந்த பொறியியல்.

இதே தத்துவத்தின் மாபெரும் வடிவம் ஜொகூரில் பாசிர் கூடாங்கில் இருக்கிறது. 2021இல் செயல்படத் தொடங்கிய 1,440 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் அது. 2022இல் மலாக்கா, அலோர் காஜாவில் 2,242 மெகாவாட்டில் இன்னொன்று வந்தது. எரிவாயுவை எரித்துச் சுழலும் டர்பைனிலிருந்து வெளியேறும் புகை 600 பாகைக்கு மேல் சுடுகிறது. அந்தப் புகையைக் கொண்டு நீரைக் கொதிக்க வைத்து, இரண்டாவதாக ஒரு நீராவி டர்பைனைச் சுழற்றுகிறார்கள். முதல் டர்பைன் மட்டும் இருந்தால் எரிபொருளின் 40 விழுக்காட்டை ஒட்டித்தான் மின்சாரம் ஆகும். புகையையும் பிடித்தால் 60 விழுக்காட்டை எட்டுகிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு எரிவாயுவிலிருந்து வருகிறது. அங்கும் பெரும்பகுதி இத்தகைய கூட்டுச் சுழற்சி நிலையங்கள்தாம். போட்டி மேடையில் எல்இடி விளக்கில் மினுக்கிய அதே யோசனை, இங்கே லட்சக்கணக்கான வீடுகளுக்கு விளக்கேற்றுகிறது.

இங்கேதான் மின்சார மகிழுந்து பற்றிய விவாதம் எனக்கு வேறாகத் தெரிகிறது. புரோட்டோன் இ.மாஸ் 7 2024 டிசம்பரில் வந்தது. பெரோடுவாவும் 2025 இறுதியில் தன் முதல் மின்சார மகிழுந்தைக் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவாகும் மகிழுந்துகள் எல்லாம் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். எஞ்சினைத் தூக்கி எறிகிறோம் என்று இதைச் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எஞ்சினை மகிழுந்திலிருந்து இறக்கி, அதன் புகையைப் பிடிக்க வசதியுள்ள பாசிர் கூடாங்கில் வைக்கிறோம். நிலையத்தில் 60 விழுக்காடு, கம்பி வழியே வரும் இழப்பு 6 விழுக்காடு, மின்னேற்றத்திலும் மோட்டாரிலும் போக 80 விழுக்காடு எனப் பெருக்கினால், எரிவாயுவின் ஆற்றலில் 45 விழுக்காடு சக்கரத்துக்கு வருகிறது. பெட்ரோல் மகிழுந்தின் 30 விழுக்காட்டோடு ஒப்பிடுங்கள். பிரேக் ஆற்றலை மீட்பது இதற்கு மேல் வரவு.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. நிலக்கரி நிலையத்தில் அந்த இரண்டாவது சுழற்சி கிடையாது; திறன் 38 விழுக்காடு என்று கொண்டால், சக்கரத்துக்கு வருவது 28 அல்லது 29. நெடுஞ்சாலையில் பெட்ரோல் மகிழுந்தும் மின்சார மகிழுந்தும் ஏறக்குறையச் சமம் என்று ஆகிவிடுகிறது. நெரிசலில் மட்டும் மின்சாரம் தெளிவாக முந்தும். கரியமில வாயுக் கணக்கில் நிலக்கரி இன்னும் மோசம். ஆகவே மின்சார மகிழுந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குக் காட்சியறையில் விடை இல்லை. அது செருகப்படும் மின்நிலையத்தில் இருக்கிறது. புதிய நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் சொல்லியிருப்பது அதனால்தான் மகிழுந்து வாங்குபவருக்கும் ஒரு முக்கியச் செய்தி.

நாட்டில் பதிவான வாகனங்கள் 30 மில்லியனுக்கும் மேல். அவை நாளையே மாறிவிடப்போவதில்லை. மாறும்வரை பெட்ரோல் வாகனத்தில் எதை மீட்பது என்று கேட்டால், என் விடை பிரேக் ஆற்றல், அதாவது ஹைபிரிட். புகைக்குழாயை அப்படியே விட்டுவிடலாம்.

வெப்ப மீட்பில் உண்மையான ஆர்வம் உள்ள மாணவர்கள் தேட வேண்டிய இடம், வெப்பம் ஒரே இடத்தில் நின்று ஓயாமல் வரும் இடம். இப்போது ஜொகூரில் முளைத்துவரும் தரவு மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிகள் 24 மணி நேரமும் வெப்பம் கக்குகின்றன. ஆனால் வெளியே வரும் காற்று 40 பாகை அளவில் இருக்க, சுற்றுப்புறமோ 30 பாகை. கார்னோவைக் கேட்டால் 3 விழுக்காடு என்கிறார், அதுவும் உச்சவரம்பு. மின்சாரமாக்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம். சுவீடனிலும் பின்லாந்திலும் அத்தகைய வெப்பத்தை வெப்பமாகவே குழாய் வழி அனுப்பி வீடுகளைச் சூடாக்குகிறார்கள். நமக்கு வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் உலர்த்த வேண்டிய பொருள்கள் இருக்கின்றன. ஈரமான காற்றை 10 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் அது எவ்வளவு நீரை உறிஞ்சும், அதைக் கொண்டு எதை எத்தனை மணி நேரத்தில் உலர்த்தலாம் என்பது படிவம் 5 மாணவர் ஒருவர் காகிதத்தில் தொடங்கக்கூடிய கணக்கு. தொடங்க வேண்டியது மூன்று எண்களிலிருந்து: வெளிவரும் காற்றின் வெப்பநிலை, அது மணிக்கு எத்தனை கன மீட்டர், உலர்த்த வேண்டிய பொருள் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.